வேலை நெருக்கடியில் வேதம் வாசித்தும் உள்ளே இறங்கவில்லை: உங்களுக்கு எது கைகொடுத்தது?

கூதல்காற்று | ஞாயிறு, இரவு 11.42

வணக்கம். நான் இங்கே எழுதுகிறவன் இல்லை, வாசித்துவிட்டுப் போகிறவன். இன்று தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், அட்டனில் ஒரு தனியார் அலுவலகத்தில் ஐந்து வருடமாக வேலை. மாதக் கடைசி நெருங்கினால் வயிற்றைப் பிசைகிறது. காலையில் மோட்டார் சைக்கிள் சாவியை எடுக்கும்போதே கை வியர்க்கிறது. வெளியே நம் ஊர்க் கூதல், உள்ளங்கையில் வியர்வை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் விடியும் வரை தலைக்குள் கணக்குத்தான் ஓடுகிறது.

நான் கிறிஸ்தவன். ஞாயிறு பாடசாலையில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன். இப்போது வேதத்தைத் திறந்தால் எழுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். போன கிழமை 121ஆம் சங்கீதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "மலையிலிருந்து எனக்கு வந்தது அட்டைக்கடியும் முதுகுவலியும்தான். ஒத்தாசை எந்த நம்பர் மலையிலிருந்து வருகிறதாம், கேட்டுச் சொல்" என்றார்.

(வெளியூர்க்காரருக்கு: தோட்டத்தில் மலை என்பது பார்க்கிற காட்சி இல்லை, வேலை செய்கிற இடம். மலைக்குப் போகிறேன் என்றால் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று பொருள். ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு.)

நானும் சேர்ந்து சிரித்தேன். படுத்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று பட்டது.

வேலையால் நொந்துபோன நேரத்தில் யாருக்காவது வேதம் உண்மையிலேயே கைகொடுத்திருக்கிறதா? எந்தச் சமயத்து வேதமானாலும் சரி. எப்படிக் கைகொடுத்தது என்றும் சொல்லுங்கள். வசனப் பட்டியல் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது.


விடிவெள்ளி | திங்கள், காலை 5.10

பிலிப்பியர் 4:13. என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. நம்பிக்கையோடு சொல்லுங்கள் சகோதரரே, போதும். ஆமென்.


டீச்சரம்மா | திங்கள், மாலை 4.25

விடிவெள்ளி, கோபிக்க வேண்டாம். 13ஐ வாசிக்கிறவர்கள் 12ஐயும் வாசிக்க வேண்டும். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று காவலில் இருந்துகொண்டு பவுல் எழுதியது அது. மாத இலக்கை எட்டிவிடலாம் என்ற உறுதிமொழி இல்லை.

தம்பி, முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சங்கீதத்தை அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வரி ஒரே ஓட்டமாக ஓடுகிறது. மலையிலிருந்தே ஒத்தாசை இறங்கி வருவதுபோல் ஒலிக்கிறது. எபிரெய மூலத்தில் பின்பாதி ஒரு கேள்வி. மலைகளை ஏறெடுத்துப் பார்க்கிறேன், எனக்கு ஒத்தாசை எங்கிருந்து வரும்? அடுத்த வசனம்தான் அதற்குப் பதில்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து." 120 தொடங்கி 134 வரை உள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு மேட்டில் ஏறிப்போன யாத்திரிகர்கள் பாடியவை என்பார்கள். ஏறுகிறவனுக்கு மலையைப் பார்த்தால் மலைப்புத்தான் வரும். முதுகில் கூடையோடு ஏறியவருக்கு அந்தக் கேள்விக்குறியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுத்து மட்டும் தெரிகிறது என்கிறீர்கள். அதுவும் வேதத்திலேயே இருக்கிறது. எகிப்தில் அடிமை வேலை செய்த ஜனங்களிடம் மோசே போய், விடுதலை வருகிறது என்று கர்த்தர் சொன்னதை அப்படியே சொல்கிறார். "அவர்களோ மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் மோசேக்குச் செவிகொடாமற்போனார்கள்." யாத்திராகமம் 6:9. அவநம்பிக்கை என்றோ பாவம் என்றோ அங்கே எழுதியிருக்கவில்லை. வேலை ஆளை அடித்துப்போட்டிருந்தது, காதில் விழவில்லை. அவ்வளவுதான். கேட்காதவர்களையும் சேர்த்துத்தான் கர்த்தர் செங்கடலுக்கு அக்கரை கொண்டுபோனார்.

என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் சாதாரண தரப் பரீட்சை வகுப்பு ஒன்றை நடுத் தவணையில் என் தலையில் கட்டினார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைகள். இரண்டு பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, அவற்றையும் நானே எடுத்தேன். மேலிருந்து வாராவாரம் பெறுபேறு என்ன என்று கேட்டுக் கடிதம். ஒரு நாள் இடைவேளையில் ஆசிரியர் அறையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொண்டுவருகிற அக்கா தன் பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, கொஞ்சம் கட்டச் சம்பலும் வைத்து, என் முன்னால் காகிதத்தோடு தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டேன். உறைப்பிலா வேறெதிலா தெரியாது, கண்ணீர் கொட்டியது.

அன்றிரவு 1 இராஜாக்கள் 19ஐ வாசித்தேன். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம். எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். தூதன் வருகிறான். என்ன பிரசங்கம் செய்கிறான்? ஒன்றும் இல்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று காரணமும் சொல்கிறான். கர்த்தரின் அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் வருவது நாற்பது நாள் கழித்து. ரொட்டி முதலில் வந்துவிட்டது.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்களா, தம்பி?


பெரட்டுக்களம் | திங்கள், இரவு 8.03

டீச்சர் நன்றாக எழுதுகிறார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. தொழிற்சங்க வேலையில் இருபது வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போகிறேன். எங்கே பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கைக் கூட்டுகிறார்களோ அங்கே பஜனைச் சத்தமும் ஜெபக்கூட்டச் சத்தமும் கூடுகிறது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்றார்கள், 2024இல் 1,350 என்றார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்பது மட்டும் போகவில்லை. அரைப்பேர் வாங்கிய பெண் அன்று இரவு கோயிலில் போய் அழுதால் மனப்பாரம் குறைகிறது, மறுநாள் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) நேரத்துக்கு வந்துவிடுகிறார். இதில் யாருக்கு லாபம்?

நான் வேதம் தெரியாதவன் இல்லை. யாக்கோபு 5:4ஐப் பாருங்கள். வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்கிறது. கூலியே கத்துகிறதாம். இந்த வசனத்தை எந்த ஜெபக்கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.


டிரையர் மாமா | திங்கள், இரவு 10.50

பெரட்டுக்களம் தோழர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மறுபாதிக்கு என் அனுபவம்.

நான் இஸ்டோரில் வேலை செய்தவன், தேயிலைத் தொழிற்சாலையைத்தான் சொல்கிறேன். கடைசிப் பதினாறு வருடம் டிரையர், தூளை உலர்த்துகிற இயந்திரம், இரவு முறை. கொழுந்து குவிகிற மாதங்களில் வாடல் தட்டுக்குக் கீழே நின்றாலே மூச்சு முட்டும். தூளில் ஈரம் மூன்று சதவீதம் அளவில் நிற்க வேண்டும். கூடினால் பூசணம், குறைந்தால் கருகல் வாசம், எதுவானாலும் டீமேக்கர் வாய் என் மேல்தான். ஒரு வருடம் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அடுப்புக்கு விறகு தள்ளுவதும் நான், தூளைப் பார்ப்பதும் நான்.

அப்போதுதான் அப்பர் சுவாமிகளின் "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாட்டு எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் கைகட்டி நின்று ஒப்பித்த பாட்டுத்தான். பல்லவ அரசன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில், நீற்றறையில், ஏழு நாள் அடைத்து வைத்தான் என்பது பெரியபுராணக் கதை. உள்ளே இருந்து பாடியவர் நெருப்பை ஒரு வார்த்தை சொல்லவில்லை, வீசு தென்றல் என்கிறார், வண்டு மொய்க்கும் பொய்கை என்கிறார், ஈசன் இணையடி நீழல் என்கிறார். சூடு இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. சூட்டுக்குள் இருந்துகொண்டு தனக்கு வேறொரு நிழல் உண்டு என்கிறார். அடைத்தவனுக்கு அந்த நிழலின் மேல் அதிகாரம் இல்லை.

அதே அப்பர்தான் "நாமார்க்கும் குடியல்லோம்" என்று அரசனின் ஆளுக்கு முகத்துக்கு நேரே சொன்னவர். ஆகவே தோழரே, பாடுகிறவன் எல்லாம் பணிந்துபோகிறவன் என்று எண்ண வேண்டாம்.

(ஒரு வேடிக்கை. கூதல் மாதத்தில் எங்கள் இஸ்டோரில் எல்லோரும் தேநீர் நேரத்தில் என் டிரையர் பக்கம்தான் ஒதுங்குவார்கள். நீற்றறைக்கு ஆள் சேர்கிற ஊர் இது ஒன்றுதான்.)


வார்டு அக்கா | செவ்வாய், அதிகாலை 3.15

இரவு முறையில் இருக்கிறேன், கண்டிப் பக்கம். துண்டு துண்டாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழர் சொன்ன "யாருக்கு லாபம்" எனக்கும் நடந்திருக்கிறது. ஆளில்லாத ஒரு மாதம் தொடர்ந்து இரட்டை முறை போட்டார்கள். மேலே இருந்த ஒருவர் எங்களைக் கூட்டி வைத்து "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று கீதை சொன்னார். மேலதிக நேரக் கொடுப்பனவைக் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். அன்றிலிருந்து வெகுகாலம் கீதை என்றாலே எனக்குக் கசந்தது.

பிறகு நானே முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்தேன். கூலி வேறு, பலன் வேறு. கிருஷ்ணன் அதைச் சொன்னது தேரில் நின்ற அரசகுமாரனிடம், சம்பளப் பட்டியலில் கையெழுத்து வைக்கிறவளிடம் இல்லை. முதல் அத்தியாயத்துக்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் மனச்சோர்வு. அதையும் ஒரு யோகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அர்ஜுனன் தன் நிலையைச் சொல்வதைக் கேளுங்கள்: அங்கங்கள் சோர்கின்றன, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. நோயாளி அட்டையில் நாங்கள் எழுதுகிற குறிப்புப் போலவே இருக்கிறது. தம்பியின் உள்ளங்கை வியர்வையும் அதே பட்டியலில் சேரும்.

எனக்குக் கைகொடுத்தது சுந்தர காண்டம். நுவரெலியாப் பக்கம் சீத்தாஎலியவில் உள்ள சீதை கோயிலுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கினேன். அதற்கு முந்திய கிஷ்கிந்தா காண்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சீதையைத் தேட சுக்ரீவன் கொடுத்த தவணை ஒரு மாதம். தெற்கே போன கூட்டம் தவணையைத் தாண்டிவிடுகிறது. வெறுங்கையோடு திரும்பினால் தண்டனை என்று பயந்து, அங்கதனும் மற்றவர்களும் கடற்கரையில் தர்ப்பையை விரித்து உண்ணாமல் சாக உட்கார்ந்துவிடுகிறார்கள். மாதக் கடைசி என்றால் வயிற்றைப் பிசைகிறது என்று தம்பி எழுதியதும் எனக்கு அந்தக் கடற்கரைதான் நினைவுக்கு வந்தது.

மணி அடிக்கிறது. பிறகு வருகிறேன்.


கூதல்காற்று | புதன், இரவு 12.20

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், காலையில் சாப்பிடுவதில்லை. உள்ளே போகாது.

நான் ஒன்றை மறைத்துவிட்டேன். வேலை என்ன என்று எழுதவில்லை. எழுதினால் இங்கே யாரும் பதில் சொல்ல மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

குழுக் கடன் கொடுக்கிற ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் உத்தியோகத்தர். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்கள் எங்களை லோன் தம்பி என்பார்கள். கிழமைக்கு ஒரு நாள் ஒவ்வொரு லயத்து வாசலிலும் கூட்டம். பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கட்டி முடியும் வரை நான் எழுந்து போகக்கூடாது என்பது எனக்கு இட்ட உத்தரவு.

போன சனிக்கிழமை. நல்ல மழை. ஒரு வீட்டில் அக்கா எனக்கு முதலில் சாயத்தண்ணீர் (பால் இல்லாத தேநீர்) கொடுத்தார், உள்ளங்கையில் ஒரு துண்டுச் சர்க்கரையும் வைத்தார். அப்புறம்தான் பால்மா டின்னை எடுத்து வந்து பாயில் கவிழ்த்தார். இருபது ரூபாய்த் தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொடையில் வைத்து நீவி எண்ணினார். நாற்பது ரூபாய் குறைந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தார். அவர் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். நான் தொட்டிலில் இருந்தபோது பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) என்னைத் தூக்கியவர்.

அடுத்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். ஆறேழு வயதுப் பெண்பிள்ளை கொஞ்சமாகத் திறந்து "அம்மா இல்லை" என்றது. அம்மாவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது, நனைந்தபடி. பிள்ளையும் செருப்பைப் பார்த்தது, நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இதற்கு எந்த வசனத்தைத் தேடுவது? திரும்பி வரும்போது நோர்வூட் பாதை வளைவில் பிரேக் பிடிக்கவே தோன்றவில்லை. பிடித்தேன். ஆனால் தோன்றவில்லை.


வார்டு அக்கா | புதன், இரவு 12.41

தம்பி, விழித்திருக்கிறீர்களா? கடைசி வரியைப் பற்றி நேராகவே கேட்கிறேன்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வருகிறது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எலியாவுக்கும் வந்தது, டீச்சர் எழுதியிருக்கிறார். 1926 என்பது தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், தமிழில் பேசலாம், இப்போதே எடுக்கலாம். நாளை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போகிறவன் பைத்தியம் என்று பேசுகிற ஊர்தான் நம்முடையது, பேசட்டும்.

அன்று பாதியில் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை முழுவதும் தேடிச் சீதையைக் காணாமல் அனுமனே ஒரு கட்டத்தில் உயிரை விட நினைக்கிறான். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: சாவதில் பல குற்றங்கள் உண்டு, உயிரோடு இருக்கிறவன் நல்லதைக் காண்பான். எழுந்து, இன்னும் தேடாத இடம் ஒன்று பாக்கியிருப்பதைப் பார்க்கிறான். அசோகவனம்.

பதில் எழுதுங்கள். ஒரு சொல் போதும்.


கூதல்காற்று | புதன், இரவு 12.58

இருக்கிறேன் அக்கா. அம்மா பக்கத்து அறையில் இருமுகிறார். 1926க்கு எடுக்கிறேன்.


பெரட்டுக்களம் | புதன், காலை 7.30

லோன் தம்பி என்றதும் நேற்றே ஒன்றை எழுதி அனுப்பப் பார்த்தேன். அந்தக் கடன்களால் லயத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். இரவு நடந்ததை வாசித்துவிட்டு அழித்துவிட்டேன். தம்பி, வேலையை விட்டுவிடு. என்னால் சொல்ல முடிந்தது அதுதான்.


டிரையர் மாமா | புதன், காலை 9.05

விட்டால் அம்மாவின் மருந்துக்கு யார் கொடுப்பது தோழரே? சங்கமா?


டீச்சரம்மா | புதன், மாலை 5.00

இருவரும் நிறுத்துங்கள்.

தம்பி, முந்தாநாள் யாத்திராகமம் 6ஐச் சொன்னேன். இன்று 5ஐ வாசிக்கச் சொல்கிறேன். வைக்கோல் கொடுக்க மாட்டோம், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்று பார்வோன் உத்தரவிடுகிறான். அந்த அதிகாரத்தில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். பார்வோனின் ஆளோட்டிகள். செங்கல் அறுக்கிற ஜனங்கள். இருவருக்கும் நடுவில், ஜனங்களிலிருந்தே எடுத்து அவர்கள்மேல் வைத்த தலைவர்கள். கணக்குக் குறைந்தபோது அடி வாங்கியது அந்தத் தலைவர்கள்தான். 14ஆம் வசனம். ஜனங்களைப் பிழிய வேண்டியவர்களும் அவர்களே, முதுகில் வாங்கியவர்களும் அவர்களே. நம் தோட்டத்துக் கங்காணிமாரும் அப்படித்தான் உண்டானார்கள்.

நீங்கள் நிற்கிற இடம் அது. இந்த ஊரில் மட்டும், இந்தக் காலத்தில் மட்டும் உள்ள இடம் இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? நேரே பார்வோனிடம் போய் முறையிட்டார்கள். பலிக்கவில்லை. அங்கிருந்து வந்து மோசேயைத் திட்டினார்கள். மோசே போய்க் கர்த்தரிடம், ஏன் இந்த ஜனங்களுக்குத் தீங்கு வரப்பண்ணினீர் என்று கேட்டார். அந்த அதிகாரத்தில் வாயை மூடிக்கொண்டு தாங்கியவர் ஒருவரும் இல்லை.


நாவலப்பிட்டி நானா | வியாழன், இரவு 9.15

அஸ்ஸலாமு அலைக்கும். வாசித்துக்கொண்டே இருந்தேன். பெரிய படிப்பில்லை, பலசரக்குக் கடைக்காரன். ஆனால் கடன் என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும். வாப்பா காலத்திலிருந்து கடையில் கடன் கொப்பி இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேர் பெயர் அதில் இருக்கும்.

எங்கள் ஆட்கள் மனக்கஷ்டம் என்றதும் ஓதுவது குர்ஆனின் 94ஆம் சூரா. எட்டே ஆயத்து. அதன் நடுவில் ஒரே வசனம் இரண்டு முறை வருகிறது: நிச்சயமாகக் கஷ்டத்துடன் இலகு இருக்கிறது. கஷ்டத்துக்குப் பிறகு என்று இல்லை, கவனியுங்கள். "மஅ" என்றால் உடன். கஷ்டத்துக்கு உஸ்ர், இலகுவுக்கு யுஸ்ர். உலமாக்கள் இன்னொன்றும் சொல்வார்கள். இரண்டு முறையும் கஷ்டம் அதே ஒரு கஷ்டம், இலகு மட்டும் இரண்டு. அரபு இலக்கணப்படி அப்படி.

இதை நான் முப்பது வருடம் ஓதினேன், மனத்துக்கு ஆறுதலாகத்தான் ஓதினேன். எனக்கு எப்போது இலகு வரும் என்றுதான் எண்ணம். பொருள் விலை தாறுமாறாக ஏறிய 2022இல் கடை முடங்கிப்போகிற நிலை. கொப்பியில் உள்ள கடனை வசூலித்தால்தான் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கலாம். ஒரு இரவு கொப்பியைத் திறந்து வைத்து யார் வீட்டுக்கு முதலில் போவது என்று பெயர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பள்ளிவாசலில் குர்ஆன் 2:280ஐ விளக்கியிருந்தார்கள். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவருக்கு இலகு வரும் வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிட்டால் உங்களுக்கு இன்னும் நல்லது. அந்த ஆயத்தில் வருகிற சொற்கள் உஸ்ரா, மைஸரா. அதே உஸ்ர், அதே யுஸ்ர், ஒரே வேர்.

பேனையை வைத்துவிட்டேன். கஷ்டத்துடன் இலகு இருக்கிறது என்று அல்லாஹ் சொல்கிறான், சரி. அந்த இலகு எங்கே இருக்கிறது என்று நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் கொப்பியில் இருந்தது. சில வீடுகளுக்கு அதைக் கொடுக்க வேண்டியவனே நான்தான்.

பெரிய தியாகம் ஒன்றும் செய்யவில்லை, பொய் சொல்லக்கூடாது. எல்லோருடைய கணக்கையும் வெட்டவில்லை. கொடுக்க வழி இருந்தவர்களிடம் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். வழியே இல்லாத ஒன்பது வீட்டுக்குத் தவணை நீட்டினேன். மொத்த வியாபாரியிடம் போய் எனக்கும் தவணை கேட்டேன். ஏசினார். கொடுத்தார்.

தம்பி, உங்கள் கொப்பி கம்பனியுடையது, என்னுடையதுபோல் இல்லை என்பது தெரியும். வட்டி எங்களுக்கு ஹராம், அந்தத் தொழில் சரியா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. ஆனால் நீங்கள் நாளைக்கே போய்விட்டால் அந்த வாசலுக்கு வருகிறவன் செருப்பைப் பார்த்துவிட்டுக் கதவை உதைக்கிறவனாக இருக்கலாம். உங்கள் கம்பனியில் தவணை நீட்ட ஒரு வழியும் இல்லையா? கேட்டுப் பாருங்கள்.


பெரட்டுக்களம் | வியாழன், இரவு 10.02

நானா, இருபது வருடத்தில் ஒரு வசனத்துக்கு நான் இப்படி நின்றதில்லை. வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பி, பிணைக்கு நின்ற மற்றப் பெண்களிடம் வசூலிக்க முன் ஒப்பந்தப் பிரதி தமிழில் அவர்கள் கையில் இருக்கிறதா என்று பார். வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு.


விடிவெள்ளி | வெள்ளி, காலை 5.12

நான் அன்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். சகோதரருக்காக ஜெபிக்கிறேன். 12ஆம் வசனத்தையும் சேர்த்து.


கூதல்காற்று | ஞாயிறு, இரவு 8.35 (இரண்டு கிழமைக்குப் பிறகு)

தாமதத்துக்கு மன்னியுங்கள். அக்கா, இரண்டு முறை கிளினிக் போய்வந்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நித்திரை வருகிறது. 127ஆம் சங்கீதத்தில் "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்ற வரியைப் போன கிழமைதான் கண்டேன். அதற்கு மேலேயே இருக்கிறது, அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறது விருதா என்று. வாசித்தேன், இம்முறை கொஞ்சம் கேட்டது.

வேலையை விடவில்லை. விடலாம் என்ற எண்ணமும் போகவில்லை. பேராதனையில் ஒரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

நானா கேட்டதற்காக முகாமையாளரிடம் கேட்டேன். தவணை மாற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு. ஐந்து வருடத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை, ஸ்டோர் அறை அலுமாரியில் கட்டாகக் கிடந்தது, கரப்பான் அரித்து. "இதையெல்லாம் நிரப்பினால் உன் இலக்கை யார் எட்டுவது?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். பார்வோன் என்று மனத்தில் நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அவர் மேசையிலும் கொழும்பிலிருந்து வந்த மின்னஞ்சல் ஒன்று சிவப்பு எழுத்தில் திறந்திருந்தது. அவரும் நடுவில் நிற்கிற ஆள்தான் போல. ஏழு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மூன்றில் கையெழுத்து வைத்தார். நான்கு அவர் மேசையில் இன்னும் கிடக்கிறது. என் மாதக் கொடுப்பனவில் இந்த முறை வெட்டு விழும்.

நேற்று அந்த லயத்துக்குப் போனேன். பால்மா டின் அக்கா சாயத்தண்ணீர் கொடுத்தார். முன்பெல்லாம் ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்துவிடுவேன். நேற்று முழுவதும் குடித்தேன். அம்மாவைக் கேட்டார். அடுத்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, செருப்பு வாசலில். பிள்ளைதான் திறந்தது. அம்மா இல்லை என்றது. சரி, அம்மா வந்தால் இதில் கையெழுத்து வைத்து வைக்கச் சொல், இனிக் கிழமைக்குக் கிழமை இல்லை, மாதத்துக்கு ஒருமுறை, தொகையும் பாதி என்று சொல்லிப் படிவத்தைக் கொடுத்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். படியிறங்கி மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் காணவில்லை.


டீச்சரம்மா | ஞாயிறு, இரவு 9.10

சாப்பிட்டீர்களா?


கூதல்காற்று | ஞாயிறு, இரவு 9.14

சாப்பிட்டேன் டீச்சர். ரொட்டி. கட்டச் சம்பல் அம்மா அரைத்தது, உறைப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.